மிதியடி பள்ளமாகத் தெரியும் வீடு

காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ உடன் இருக்கிறார்கள். அப்பா தறியில், அம்மா கடையிலோ கம்பெனியிலோ வேலையில். பெரியவரைப் பார்த்துக்கொள்வது பிள்ளையின் பொறுப்பாகிவிடுகிறது. விடுப்புக்குக் காரணம் கேட்டால், "தாத்தாவுக்கு மறதி டீச்சர், தனியா விட முடியாது" என்கிறார்கள். இப்படிச் சொல்லும் மாணவர் எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் இருப்பார். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருந்தால் அவரிடம் பேசுவது எளிது.

டிமென்ஷியாவுக்கு நாம் வைத்திருக்கும் 'முதுமை மறதி' என்ற பெயர் பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. மறதி அதில் ஒரு பகுதி. பார்ப்பதைப் புரிந்துகொள்வது, கேட்பதைப் பிரித்தறிவது, ஒரு வேலையை வரிசைப்படி செய்வது எல்லாமே மெல்லக் குலைகின்றன. இது தனி ஒரு நோயும் அன்று. அல்சைமர் நோய், மூளை இரத்தக்குழாய் அடைப்பு எனப் பல காரணங்களால் வரும் நிலை. 2019 வரை நம் மாவட்டத்தில் இருந்த திருப்போரூரில், 60 வயது கடந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக 1997இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு 7.4 சதவீதம் என்கிறது. அதாவது நாடு முழுவதும் ஏறத்தாழ 88 லட்சம் பேர். இரண்டும் வேறு வேறு முறையில் எடுத்த கணக்கு. ஆகவே நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று படித்துவிடக் கூடாது.

பார்வையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீடுகளில் அதிகச் சண்டை இங்கேதான் வருகிறது. கண்புரை அறுவை முடிந்து, புதுக் கண்ணாடியும் போட்ட பெரியவர் வாசலில் வந்து நின்றுவிடுவார். காலைத் தூக்கி வைக்கமாட்டார். பிடிவாதம் என்று வீட்டார் இழுப்பார்கள். வாசலில் கிடப்பது கறுப்பு மிதியடி. அவருக்கு அது பள்ளமாகத் தெரிகிறது. கண் சரியாகத்தான் படம் பிடிக்கிறது. அந்தப் படத்தில் எது மேடு, எது பள்ளம், எது நிழல் என்று பிரித்துச் சொல்லும் மூளைப் பகுதி பழுதாகியிருக்கிறது. பளபளக்கும் டைல்ஸ் தரை ஈரமாகத் தெரியும். இரவில் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு, வீட்டுக்குள் யாரோ கிழவர் நுழைந்துவிட்டதாகக் கத்துவார். மிதியடியை எடுத்துவிடலாம். கண்ணாடியைத் துணியால் மூடலாம். காசு செலவில்லாத வைத்தியம்.

சாப்பாட்டிலும் இது உண்டு. வெள்ளைத் தட்டில் வைத்த இட்லியும் தயிர்ச்சோறும் பின்னணியோடு கலந்துவிடும். பாஸ்டன் நகரில் 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு அடர் நிறத் தட்டும் குவளையும் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும் குடிப்பது 84 சதவீதமும் கூடியது. நம் ஊரில் வாழையிலை இருக்கிறது. பச்சையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும்.

ஓசையும் அப்படியே. பல குரல்களில் தனக்கு வேண்டியதை மட்டும் பிரித்துக் கேட்கும் திறன் குறைந்துவிடுகிறது. வைகாசியில் கருட சேவைக்குக் கூட்டத்தில் அழைத்துப் போனால், ஆயுளெல்லாம் பெருமாளைச் சேவித்தவரே மிரண்டு அழக்கூடும். பக்தி போய்விட்டதாக நினைக்க வேண்டாம்.

அன்றாட வேலைகளில் முதலில் கைவிட்டுப் போவது கணக்கும் திட்டமும் தேவைப்படுபவை: பணம் எண்ணுவது, மாத்திரையை வேளை தவறாமல் எடுப்பது, போன் பேசுவது. வேட்டி கட்டுவது, குளிப்பது எல்லாம் பின்னால். குளிப்பது நமக்கு ஒரே வேலை. மூளைக்கு அது பத்துப் பதினைந்து படிகள். நடுவில் ஒரு படி தொலைந்தால் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். "குளிச்சிட்டு வாங்க" என்பதைவிட, "சொம்பை எடுங்க தாத்தா" என்று ஒவ்வொன்றாகச் சொல்வது பலிக்கும்.

கை பழகிய வேலை மட்டும் நெடுநாள் தங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் தாத்தா கோர்வைச் சேலை நெய்தவர். பேத்தியின் பெயர் வராது. காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. பட்டு இழை இரண்டைக் கையில் கொடுத்தால் முறுக்கிப் பிணைத்துவிடுவார். புதுச் செய்தியைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் முதலில் பாதிக்கப்படுகிறது. கைப்பழக்கத்தைத் தாங்கும் சிறுமூளையும் பெருமூளையின் ஆழ்ந்த பகுதிகளும் பிந்தியே தளர்கின்றன. பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தில் மூளையின் பாகங்களைப் படம் போட்டு நடத்துகிறோம். இந்தத் தாத்தாவையும் சேர்த்துச் சொன்னால் படம் மறக்காது. அந்த வீட்டில் மதியத்தில் கழிவு நூல் ஒரு கைப்பிடி கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அமைதியாக இருக்கிறாராம்.

இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. நோய் வளரும்போது பிறகு கற்ற மொழி விலகி, சிறுவயது மொழி முன்னுக்கு வருவதுண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த பேரன் திகைத்துப்போவான்.

பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துவது இரண்டு: "நீ யாரு?" என்பதும், "என் பணத்தைத் திருடிட்டே" என்பதும். வைத்த இடம் மறந்துபோகிறது; காலியான இடத்தை மூளை ஒரு கதையால் நிரப்புகிறது. இதை வகுப்பில் காட்ட நான் செய்வது எளிய சோதனை. தாளில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவந்தால், ஓரடி தூரத்துக்குச் சற்று முன்பின் புள்ளி மறைந்துவிடும். அங்கே ஓட்டை தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். நம் மூளையே இட்டு நிரப்புகிறது. பார்த்த மாணவர்களுக்கு, தாத்தா பொய் சொல்லவில்லை என்பது பிடிபடுகிறது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறை, மனச்சோர்வு, காது கேளாமை ஆகியவையும் அதே தோற்றம் தரும். மருத்துவத்தால் சரியாகக்கூடியவை அவற்றில் உண்டு. ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பம் என்றால் அன்றே மருத்துவமனை. 'வயசானா அப்படித்தான்' என்று காத்திருப்பதுதான் நம் ஊரில் பெரிய இடைஞ்சல். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென அமைத்த சோதனைகளும் உள்ளன. ஆகவே பள்ளிக்குப் போகாதவரை எப்படிச் சோதிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பது மூளைக்கும் நல்லது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவற்றை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567, இரண்டும் கட்டணமில்லாதவை.

மாலையில் பல பெரியவர்களுக்குக் குழப்பம் கூடும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். "இதான் உங்க வீடு" என்று வாதாடினால் கோபம்தான் வளரும். என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பது: விளக்கைச் சீக்கிரம் போடு, கையைப் பிடித்துக்கொள், "உங்க வீடு எப்படி இருக்கும் தாத்தா?" என்று கேள். பெரும்பாலும் பேசத் தொடங்கிவிடுவார்.