தேர்தல் முடிவுக்கு மறுநாள் காலை

தேர்தல் முடிவு வந்த மறுநாள், மக்கள் முகத்தைப் பார்த்தே வென்றவர் யாரென்று சொல்லிவிடலாம் என்று நாம் நினைப்பதுண்டு. 1977 மார்ச் 21ஆம் நாள் அவ்வாறு சொல்ல இயலவில்லை.

டில்லித் தெருக்களில் அன்று ஒரே குதூகலம். முதல்நாள் இரவே பத்திரிகாலயங்களின் முன்னே கூட்டம் திரண்டிருந்தது. இந்திரா காந்தி அம்மையார் ரேபரேலியில் 55,202 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களுள் ஒன்றுகூடக் காங்கிரஸுக்குக் கிட்டவில்லை. தமிழ்நாட்டிலோ அ.தி.மு.க.வுடன் சேர்ந்த அக்கட்சியின் அணி 39இல் 34 இடங்களைப் பெற்றது.

ஏன் இந்த வேற்றுமை? கூட்டணி பலம் ஒரு காரணம். ஆயினும், கட்டாயக் கருத்தடையையும், 1976இல் துருக்மான் வாயிலருகே வீடுகள் இடிக்கப்பட்டதையும் வடக்கே இருந்தோர் நேரில் கண்டனர். தெற்கே அச்செய்திகள் தணிக்கையைத் தாண்டிச் சரிவரப் போய்ச் சேரவில்லை. வானொலியும் அக்காலத்தில் அரசு இசைந்ததையே சொல்லிற்று. இதை நாம் மறைப்பதற்கில்லை.

"அம்மையார் தோற்பானேன்?" என்று ஊரிலுள்ளோர் வினவினால், விடை கூறத்தக்கவர் டில்லித் தமிழரே. நெருக்கடி நிலையும் அன்றே நீக்கப்பட்டதால், கண்டதை அச்சமின்றிக் கடிதத்தில் எழுதவும் முடிந்தது.