பேலட்டுக்கு அடியில் ஒரு பூனை

ஒரகடம் சிப்காட் பக்கம் கேன்டீன் பின்புறம், ஸ்கிராப் யார்டு, லாரி நிறுத்தம் என்று எங்காவது ஒரு பூனை கண்ணில் படும். மீன் துண்டைப் போட்டால் வரும். கையை நீட்டினால் பேலட் அடுக்குக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். காட்டுப்பூனை என்பார்கள். அது வேறு இனம், ஏரிக்கரை நாணலில் திரிவது. இது நம் வீட்டுப் பூனையேதான். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை பழகாத குட்டி, பெரும்பாலும் கடைசிவரை ஆளுக்கு அஞ்சும். கொஞ்சிப் பழக்கப் பார்ப்பது வீண் வேலை. அதற்கு வேண்டியது நனையாத இடமும் நேரத்துக்குச் சாப்பாடும்தான்.

இடத்துக்கு, மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும். கழுவிக் காயவைத்து, மூடியை டேப் போட்டு ஒட்டி, பக்கவாட்டில் ஆறு அங்குல ஓட்டை போடுங்கள். பெரிதாக வெட்டினால் நாய் தலையை விடும். நாலு செங்கல் மேல் தூக்கி, வாசல் சுவரைப் பார்த்திருக்க, இரண்டு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். ஐப்பசி கார்த்திகைச் சாரல் உள்ளே அடிக்காது. மேலே ஒரு கல். உள்ளே பழைய துணி போடத் தோன்றும், வேண்டாம். நனைந்தால் ஈரத்தை விடாது. வைக்கோல்தான் சரி. சித்திரை வெயிலில் பெட்டி நிழலில் இருக்கட்டும்.

சாப்பாட்டில்தான் நாம் தவறு செய்கிறோம். தயிர்சாதம் போடுவது நம் புண்ணியக் கணக்குக்கு. பூனை சுத்த அசைவம். டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு செய்துகொள்ளாது. மீன், கறியிலிருந்தே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கண் மங்கும், இதயத் தசை தளரும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்குத்தான். வெங்காயம் ரத்த அணுக்களை உடைக்கும், ஆகவே குழம்புத் துண்டும் கூடாது. மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பும் முள்ளும் எடுத்துக் கொடுங்கள். தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் சாப்பாட்டுத் தட்டை வைத்தால் எறும்பு ஏறாது. அரை மணியில் எடுத்துவிட்டால் எலியும் சேராது. ஷிப்டு மாறி ஆள் மாறினாலும் நேரம் மாறக்கூடாது.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பெண் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் குட்டி. சோறு மட்டும் போட்டுக் கருத்தடையை மறந்தால் அடுத்த வருடம் யார்டு நிறையப் பசித்த குட்டிகள்தான். கூண்டில் பிடித்து, அறுவை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதே பல நாடுகளில் நடக்கும் முறை. காது நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பூனைக்கு முடிந்துவிட்டது என்று அடையாளம்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் கூலன்ட் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் ஒன்றிரண்டு டீஸ்பூன் உள்ளே போனாலே பூனை பிழைப்பது கடினம். மழைநாள் விடியலில் வெதுவெதுப்புக்காக அது எஞ்சினுக்குள் ஏறிப் படுத்திருக்கும். சாவியைத் திருப்பும் முன் பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள்.