பணம் போடாத கூட்டாளி: ஜப்பானில் பிலிப்ஸ் வெற்றி பெற்ற கதை

1952-ம் ஆண்டு. ஜப்பான் நாட்டில் ஒரு புதிய கம்பெனி பிறந்தது. அதன் மொத்த முதல் 66 கோடி யென். (ஜப்பான் நாட்டுப் பணத்துக்கு "யென்" என்று பெயர்.)

அந்தக் கம்பெனிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒன்று ஜப்பான் கம்பெனி. இன்னொன்று ஐரோப்பாவில் உள்ள ஆலந்து நாட்டுக் கம்பெனி. ஜப்பான் கம்பெனிக்கு 100-க்கு 70 பங்கு. ஆலந்துக் கம்பெனிக்கு 30 பங்கு.

இந்த 30 பங்கைப் பெற, ஆலந்துக் கம்பெனி தன் நாட்டில் இருந்து ஒரு காசு கூடக் கொண்டு வரவில்லை!

41 ஆண்டுகள் கழிந்தன. 1993-ல் ஆலந்துக் கம்பெனி தன் பங்கை விற்றது. அதற்குக் கிடைத்த விலை 18,500 கோடி யென்!

இது எப்படி நடந்தது? ஏமாற்று வேலையா? இல்லை. இரண்டு பேரும் மனம் ஒத்துச் செய்த வியாபாரம்தான். ஆனால் அந்த ஒப்பந்தம் எளிதில் முடியவில்லை. "யாருக்கு யார் பணம் கொடுப்பது?" என்று பெரிய வாதமே நடந்தது.

ஒன்பது வயதில் வேலைக்கு

ஜப்பான் கம்பெனியின் முதலாளி பெயர் கொனோசுகே மட்சுஷிடா. 1894-ல், வகயாமா என்ற பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். இவருடைய தந்தை அரிசி வியாபாரச் சூதில் சொத்தை இழந்தார். குடும்பம் நொடித்துப் போயிற்று.

ஒன்பது வயதில் சிறுவன் மட்சுஷிடா பள்ளிக்கூடத்தை விட்டு, ஒசாகா நகரத்துக்கு வேலைக்குப் போனான். முதலில் கணப்புச் சட்டி விற்கும் கடை. பிறகு சைக்கிள் கடை. வாலிபர் ஆனதும் மின்சாரக் கம்பெனியில் வேலை.

பிறகு சொந்தத் தொழில் தொடங்கினார். கையில் பணம் இல்லை. மனைவி முமேனோ தன் உடைகளையும் மோதிரத்தையும் அடகு வைத்துக் கொடுத்தார். 1918-ல் கம்பெனி பிறந்தது. மனைவியும், மைத்துனரும், அவரும்தான் தொழிலாளிகள். மின்சார விளக்குக்கு வேண்டிய சிறு சாமான்களைச் செய்து விற்றார்கள்.

கம்பெனி வளர்ந்தது. அதன் "நேஷனல்" சாமான்கள் ஜப்பான் முழுவதும் பரவின.

அப்புறம் உலகப் போர் வந்தது. 1945-ல் ஜப்பான் தோற்றது. வெற்றி பெற்றவர்கள் பெரிய கம்பெனிகளுக்குப் பல தடைகள் போட்டார்கள். மட்சுஷிடாவின் கம்பெனியும் சிக்கியது. கடன் ஏறியது. வரி கட்ட முடியவில்லை. நாட்டிலேயே அதிக வரி பாக்கி வைத்திருப்பவர் என்று 1949-ல் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின.

ரேடியோ சொன்ன பாடம்

தடைகள் நீங்கின. 1951-ம் ஆண்டுத் தொடக்கத்தில் மட்சுஷிடா அமெரிக்காவுக்குப் போனார். அங்கே பார்த்த ஒரு விஷயம் அவர் மனதில் தைத்தது.

அமெரிக்கத் தொழிலாளி ஒருவர், தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் உருவாகும் ரேடியோவை இரண்டு நாள் கூலியில் வாங்க முடிந்தது. மட்சுஷிடாவின் தொழிலாளி ஒரு ரேடியோ வாங்க வேண்டுமானால் ஒன்றரை மாதச் சம்பளம் வேண்டும்!

ஜப்பான் தொழிலாளியும் உழைப்பாளிதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

ரேடியோவின் உயிர் அதற்குள் இருக்கும் வால்வு. நல்ல வால்வை, ஏராளமாக, மலிவாகச் செய்யும் முறை ஜப்பானியர் கையில் இல்லை. போர் நடந்த ஆண்டுகளில் மேல்நாடுகள் வெகுதூரம் முன்னேறிவிட்டன. அந்த வித்தையைத் தானே கண்டுபிடிப்பது என்றால் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் மற்றவர்கள் இன்னும் முன்னே போய்விடுவார்கள்.

"தெரிந்தவர்களிடம் கற்றுக்கொள்வதே வழி" என்று மட்சுஷிடா முடிவு செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் கப்பலும் விமானமும் என்று பாராமல் வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். இந்தத் தடவை ஐரோப்பாவுக்கும் போனார்.

பிலிப்ஸ் யார்?

ஆலந்தில் ஐந்தோவன் என்று ஓர் ஊர். 1891-ல் ஜெரார்டு பிலிப்ஸ் என்ற என்ஜினீயரும், அவருடைய தந்தையும் அங்கே பல்பு செய்யும் தொழில் தொடங்கினார்கள். அதுதான் பிலிப்ஸ் கம்பெனி. பல்பும் ரேடியோவும் விற்று, உலகம் எங்கும் பெயர் வாங்கிய கம்பெனி. நம் நாட்டு வீடுகளிலும் பிலிப்ஸ் ரேடியோ பாடியது.

ஆலந்து மிகச் சிறிய நாடு. உள்ளூரில் மட்டும் விற்றால் பெரிய தொழிற்சாலை நடத்த முடியாது. ஆகவே பிலிப்ஸ் தொடக்கத்தில் இருந்தே வெளிநாடுகளில் விற்றது. 1914-ல் தனி ஆராய்ச்சிச் சாலையும் அமைத்தது.

போர் பிலிப்சையும் விடவில்லை. 1942 டிசம்பரில் ஐந்தோவன் தொழிற்சாலை மீது குண்டு வீசப்பட்டது. போர் முடிந்ததும் பிலிப்ஸ் மறுபடியும் எழுந்தது.

சிறிய நாட்டில் பிறந்து, குண்டில் இடிந்து, மீண்டும் எழுந்த கம்பெனி! மட்சுஷிடாவுக்கு அது பிடித்துப் போயிற்று.

கதவு பூட்டிய நாடு

பிலிப்சுக்கும் ஜப்பானில் நுழைய ஆசைதான். ஆனால் நினைத்தவுடன் நுழைய முடியாது.

அப்போது ஜப்பானிடம் டாலர் மிகக் குறைவு. ஒரு டாலருக்கு 360 யென் என்று 1949-ல் விலை வைத்திருந்தார்கள். டாலர் வெளியே போவதை அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டது. 1950-ல் அன்னிய முதலீட்டுக்குத் தனிச் சட்டமே வந்தது. அன்னியர் பங்கு வாங்குவதானாலும், தொழில் முறையைக் கற்றுக்கொடுத்துப் பணம் பெறுவதானாலும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும்.

ஆகவே ஜப்பானில் தொழில் நடத்த விரும்பிய ஐரோப்பியக் கம்பெனிக்கு நல்ல உள்ளூர்க் கூட்டாளி அவசியம். பிலிப்சுக்கு மட்சுஷிடா தேவை. மட்சுஷிடாவுக்கு பிலிப்ஸ் தேவை.

பிலிப்ஸ் கேட்ட விலை

பிலிப்ஸ் தன் நிபந்தனைகளைச் சொன்னது.

"கூட்டுக் கம்பெனி தொடங்கலாம். எங்களுக்கு 100-க்கு 30 பங்கு. முன்பணம் 5 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும். அந்த முன்பணத்தையே எங்கள் பங்குக்கான முதலாக வைத்துக்கொள்வோம்" என்பது முதல் நிபந்தனை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,50,000 டாலர் என்றால் சுமார் 20 கோடி யென். 66 கோடியில் 30 பங்கும் ஏறக்குறைய 20 கோடிதான்! மட்சுஷிடா கொடுக்கும் பணமே திரும்பி வந்து பிலிப்சின் முதலாகிவிடும். பிலிப்ஸ் போடுவது தன் அறிவு மட்டும்.

அப்போது மட்சுஷிடா கம்பெனியின் சொந்த முதலே 50 கோடி யென்தான். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சமமான தொகை இது!

இரண்டாவது நிபந்தனை இதைவிடக் கடினம். கூட்டுக் கம்பெனி விற்கும் ஒவ்வொரு 100 யெனுக்கும் 7 யென் "தொழில் கற்றுக்கொடுக்கும் கட்டணம்" தர வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள் கேட்டது 3 யென்தான்.

ஏன் இவ்வளவு அதிகம்? "நாங்கள் ஏட்டைக் கொடுத்துவிட்டு விலகிவிட மாட்டோம். கூடவே நின்று கற்றுக்கொடுப்போம். எங்களுடன் கூட்டுச் சேர்ந்தால் வெற்றி நிச்சயம்" என்பது பிலிப்சின் வாதம்.

மட்சுஷிடா கேட்ட எதிர்க் கேள்வி

மட்சுஷிடா யோசித்தார். நல்ல ஆசிரியர் இருந்தால் மட்டும் போதுமா? நன்றாகப் படிக்கும் மாணவனும் வேண்டாமா? ஒரே ஆசிரியரிடம் பலர் படிக்கிறார்கள். எல்லாரும் முதல் மார்க் வாங்குவது இல்லையே!

"பிலிப்ஸ் தொழில் முறையைக் கற்றுக்கொடுக்கும். சரி. ஆனால் ஜப்பானில் தொழிலாளிகளை நடத்துவது யார்? சாமானை விற்பது யார்? கடைக்காரர்களிடம் பணம் வசூலிப்பது யார்? நாங்கள்தானே! அதற்கும் ஒரு விலை உண்டு. கற்றுக்கொடுக்கும் கட்டணம் போலவே, எங்களுக்கு நிர்வாகக் கட்டணம் வேண்டும்" என்று அவர் கேட்டார்.

பிலிப்ஸ் அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். எத்தனையோ நாட்டுக் கம்பெனிகளோடு அவர்கள் ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். இப்படி ஒரு கட்டணத்தை யாரும் கேட்டது கிடையாது. அதுவும், போரில் தோற்ற நாட்டில் இருந்து வந்தவர் கேட்கிறார்!

பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. 1952-ல் மட்சுஷிடா தன் நம்பிக்கைக்கு உரிய அதிகாரி அரடாரோ டகாஹாஷியை ஆலந்துக்கு அனுப்பினார். பேச்சு முறிந்தால் வால்வும் இல்லை, பல்பு வித்தையும் இல்லை. ஆனாலும் டகாஹாஷி விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் கம்பெனி எப்படி நடக்கிறது, எப்படி விற்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

கடைசியில் பிலிப்ஸ் இணங்கியது. கூட்டுக் கம்பெனி தன் விற்பனையில், 100-க்கு 4½ பிலிப்சுக்குக் கொடுக்க வேண்டும். 100-க்கு 3 மட்சுஷிடா கம்பெனிக்கு, நிர்வாகக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும்.

அப்படியும் ஒப்பந்தத்தில் பல விதிகள் பிலிப்சுக்கே சாதகமாக இருந்தன. மட்சுஷிடா தயங்கினார். பிறகு இப்படி எண்ணி மனதைத் தேற்றிக்கொண்டார்: "பிலிப்ஸ் போன்ற ஆராய்ச்சிச் சாலையை நான் கட்ட வேண்டுமானால் எவ்வளவு பணம் ஆகும்? எத்தனை ஆண்டு ஆகும்? 20 கோடி யெனுக்கு அந்தக் கம்பெனியையே வேலைக்கு வைத்துக்கொள்கிறோம்!"

1952 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்து ஆயிற்று. டிசம்பரில் கூட்டுக் கம்பெனி பிறந்தது. ஒசாகாவுக்கு அருகில், டகாட்சுகி என்ற ஊரில் தொழிற்சாலை எழுந்தது.

வீட்டுக்கு வீடு டெலிவிஷன்

நல்ல நேரமும் கூடி வந்தது. 1953 பிப்ரவரி 1-ந் தேதி ஜப்பானில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது. டெலிவிஷன், துணி துவைக்கும் எந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் "மூன்று பொக்கிஷங்கள்" என்று ஜப்பானியர் அழைத்தார்கள். அவற்றை வாங்குவதே ஒவ்வொரு குடும்பத்தின் கனவாக இருந்தது.

1959 ஏப்ரல் 10-ந் தேதி இளவரசர் அகிஹிட்டோவின் திருமணம் நடந்தது. அந்த ஊர்வலத்தை வீட்டில் இருந்தே பார்க்க, மக்கள் போட்டி போட்டு டெலிவிஷன் வாங்கினார்கள்.

டெலிவிஷனுக்கு உயிர் படக்குழாய். ரேடியோவுக்கு உயிர் வால்வு. பின்னால் டிரான்சிஸ்டர் வந்தது. இவை எல்லாம் கூட்டுக் கம்பெனியின் சரக்குகள். ஆலந்து வித்தை, ஜப்பானிய உழைப்பு, "நேஷனல்" கடைகள் மூன்றும் சேர்ந்தன. வியாபாரம் பெருகியது.

1967-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பிலிப்சின் பங்கு 35 ஆக உயர்ந்தது. அப்போது இன்னொரு மாறுதலும் நடந்தது. கற்றுக்கொடுக்கும் கட்டணமும், நிர்வாகக் கட்டணமும் 100-க்கு 2½ என்று சமம் ஆகிவிட்டன! மாணவன் ஆசிரியருக்குச் சமமாக உட்கார்ந்துவிட்டான்.

வென்றவரும் தோற்றவரும்

ஜப்பானில் இப்படி நுழைந்த ஐரோப்பியக் கம்பெனி பிலிப்ஸ் மட்டும் அல்ல. 1923-லேயே ஜெர்மனியின் சீமன்ஸ் கம்பெனி, ஜப்பானின் புருகாவா கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. புருகாவாவின் "பு", ஜப்பானியர் சீமன்சைச் சொல்லும் முறையில் வரும் "ஜி" இரண்டையும் சேர்த்து "புஜி எலெக்ட்ரிக்" என்று பெயர் வைத்தார்கள். அதில் இருந்து 1935-ல் பிரிந்ததுதான், கம்ப்யூட்டரில் புகழ் பெற்ற புஜிட்சு.

எல்லாருக்கும் வெற்றி கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தின் வோடபோன் 2001-ல் ஒரு ஜப்பான் டெலிபோன் கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டு வந்தது. அதற்குத் தன் பெயரையே சூட்டியது. ஆனால் உலகம் முழுவதற்கும் பொதுவாக அது கொண்டு வந்த செல்போன்கள், ஜப்பானியரின் விருப்பத்துக்கு ஒத்து வரவில்லை. 2006-ல் அந்தக் கம்பெனியை சாப்ட்பேங்க் என்ற ஜப்பான் கம்பெனிக்கு விற்றுவிட்டு வெளியேறியது. பணம் ஏராளமாகப் போட்டும் நிலைக்க முடியவில்லை!

பிலிப்ஸ் கொண்டு வந்தது அறிவு. ஜப்பானில் எப்படி விற்பது என்ற அறிவு மட்சுஷிடாவிடம் இருந்தது. அதற்கும் விலை உண்டு என்று பிலிப்ஸ் ஒப்புக்கொண்டது. அதனால்தான் 41 ஆண்டுகள் கூட்டு நிலைத்தது.

கடைசிக் கணக்கு

1989-ல், 94-வது வயதில் மட்சுஷிடா காலமானார்.

அடுத்த ஆண்டில் பிலிப்சுக்கு நெருக்கடி வந்தது. பெரும் நஷ்டம். ஆயிரக்கணக்கான ஊழியர்களைக் குறைக்க வேண்டிய நிலை. அந்தச் சமயத்தில் ஜப்பான் பங்கு கைகொடுத்தது. 1993-ல் அந்த 35 பங்கையும் மட்சுஷிடா கம்பெனியே 18,500 கோடி யெனுக்கு வாங்கிக்கொண்டது.

அந்தக் கம்பெனி 2008-ல் தன் பெயரை "பானசோனிக்" என்று மாற்றிக்கொண்டது.

அன்று 100-க்கு 3 யென் தர முடியாது என்று பிலிப்ஸ் எழுந்து போயிருந்தால்? மூன்று யென் மிச்சம் ஆகியிருக்கும். 18,500 கோடி யென் கிடைத்திருக்காது!