மன்னார்த் தீவு: மண்ணும் நீரும் மக்களும்

மன்னார்த் தீவுக்குத் திரும்பிச் செல்ல நீங்கள் முடிவு செய்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கானது. உங்களில் சிலர் அங்கே பிறந்து வளர்ந்து, போர்க்காலத்தில் வெளியேறியவர்கள். வேறு சிலர் புத்தளத்திலோ தமிழ்நாட்டு முகாம்களிலோ பிறந்தவர்கள். தீவைப் பெற்றோர் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்தவர்கள். பதிவுகள், கொடுப்பனவுகள் பற்றி இக்கைநூலின் ஏனைய பகுதிகளில் விளக்கியுள்ளோம். இங்கே தீவைப் பற்றியே பேசுகிறோம்: அது எப்படிப்பட்ட நிலம், குடிநீர் எங்கிருந்து வருகிறது, உங்களுக்கு முன்னர் யார் யார் அங்கே வந்து குடியிருந்தார்கள் என்பவற்றை. இவற்றை அறிந்திருந்தால், மலசலகூடத்தை எங்கே அமைப்பது என்பதிலிருந்து அயலவரோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பது வரை பல முடிவுகளை எடுப்பது இலகுவாகும்.

நிலமும் கடலும்

மன்னார்த் தீவு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, நீண்டு ஒடுங்கிய மணல் தீவு. வடக்கே பாக்குநீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கிழக்கு முனையில் மன்னார் நகரம் இருக்கிறது. அங்கிருந்து தாம்போதியும் பாலமும் தீவைப் பெருநிலப்பரப்போடு இணைக்கின்றன. மேற்கு முனையில் தலைமன்னார். அதற்கு அப்பால் தனுஷ்கோடியை நோக்கி ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இவற்றைச் சிலர் இராமர் அணை என்பர். சிலர் ஆதாம் பாலம் என்பர்.

தீவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. பனையும் குடை விரித்தாற்போன்ற உடைமரமும் எங்கும் நிற்கும். மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்துவிடும். ஏனைய மாதங்கள் வெயிலும் காற்றுமே. சோளகம் வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வாடைக்காற்றில் வடக்குக் கடல் கொந்தளிக்கும். ஆகவே மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பக் கரை மாறித் தொழில் செய்வார்கள். தீவில் தொழில் செய்து பழக்கமில்லாதவர்கள் முதல் ஆண்டில் தனியாகக் கடலுக்குப் போகாமல், காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த ஒருவரோடு போவதே பாதுகாப்பு.

தாம்போதியின் இருபுறமும் ஆழமற்ற உவர்நீர் பரந்து கிடக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் வட நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் இங்கே வந்திறங்கும், பூநாரைகளும் வரும். அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பறவைகளைப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் சட்டப்படி குற்றம். கடற்பசுவும் கடலாமையும் அவ்வாறே பாதுகாக்கப்பட்டவை. அவை வலையில் அகப்பட்டால் உயிரோடு விட்டுவிடுங்கள்.

மணலுக்குள் இருக்கும் நீர்

இந்தத் தீவில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றுள் முதன்மையானது நீர். ஆறும் இல்லாத, நாற்புறமும் கடல் சூழ்ந்த ஓரிடத்தில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. மணலுக்கு அடியில், கடலிலிருந்து ஊறிய உப்புநீர் ஏற்கெனவே இருக்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்றுப் பாரம் குறைந்தது. அதனால் அது உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. தீவின் நடுப்பகுதியில் அந்தப் படை தடிப்பாகவும் கரையோரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். உங்கள் கிணற்றில் ஊறுவது இந்த நன்னீர்தான்.

இதில் ஒரு கணக்கு உண்டு. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓரடி உயர்ந்து நின்றால், அதன் அடிப்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை இறங்கி நிற்கும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலேறும். அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போது கிணறு உவராகிவிடுவது இதனால்தான். ஒருமுறை உவரான கிணறு நல்ல நீருக்குத் திரும்ப ஒரு மழைக்காலம் போதாமலும் போகலாம். ஒரே நன்னீர்ப் படையிலிருந்துதான் அயல் கிணறுகளும் ஊறுகின்றன. ஆகவே ஒருவரின் பம்பி பலரின் குடிநீரைக் கெடுக்கக்கூடும்.

எனவே இவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்:

கோடையில் நீர் சற்று உவர்த்தால் கிணற்றை ஆழப்படுத்த வேண்டாம். ஆழம் கூடினால் உப்புநீர் இன்னும் நெருங்கிவிடும்.

வலுவான பம்பியால் ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். காலையும் மாலையுமாகச் சிறிது சிறிதாக எடுங்கள்.

நெடுங்காலம் பாவிக்கப்படாத கிணற்றில் குப்பைகூளங்களை அகற்றுங்கள். ஆனால் நீர் முழுவதையும் ஒட்ட இறைத்துவிட வேண்டாம். குடிப்பதற்கு முன்னர் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் காட்டி, குளோரின் இடும் முறையைக் கேட்டறியுங்கள்.

மணலில் அழுக்கு விரைவாகப் பரவும். மலசலகூடக் குழி எந்தக் கிணற்றிலிருந்தும் 30 மீற்றர் தள்ளி இருக்கட்டும். உங்கள் கிணற்றை மட்டுமல்ல, அயலவரின் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

வீடு கட்டும் தேவைக்கென்று வளவிலிருந்தோ கரையிலிருந்தோ மணல் அள்ளாதீர்கள். மழைநீரைத் தாங்கி வைத்திருப்பதே அந்த மணல்தான். பனையையும் அனுமதியின்றித் தறிக்கக் கூடாது. காற்றுக்கு மணலைப் பிடித்து வைத்திருப்பது அது; வேலிக்கு மட்டை, கூரைக்கு ஓலை, வீட்டுக்கு ஒடியல், பனங்கட்டி எல்லாம் தருவதும் அதுவே.

வந்தவர்களும் போனவர்களும்

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருந்த மாதோட்டம் இலங்கையின் மிகப் பழைய துறைமுகங்களுள் ஒன்று. அங்குள்ள திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். அரபு வணிகர்களும் இக்கரைக்கு வந்து போனார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இனம் என்று கருதப்படுகிறது. அதன் அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். நகர வீதிகளில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளின் மூதாதைகளும் அந்த வணிகர்களோடு வந்தவை என்பது ஊர் வழக்கு.

1544இல், புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய ஏறத்தாழ 600 பேர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணைப்படி இத்தீவில் கொல்லப்பட்டார்கள். 1560இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. எதிர்க்கரையில் அரிப்புக்கு அப்பாலுள்ள பார்களில் முத்துக் குளிக்க இருகரைகளிலிருந்தும் ஆட்கள் திரண்டார்கள். 1905இல் பெருமளவு சிப்பி எடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாகின. கடலிலும் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு அது ஒரு பாடம்.

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையோரத்தில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பலர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. கொழும்பில் ரயிலேறியவர் சென்னையில் இறங்க வழி பிறந்தது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய்வந்தது. ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் அழுதபடி கப்பலேறியதும் இதே தலைமன்னாரில்தான்.

போர் தொடங்கியதும் கப்பல் நின்றது. 1983க்குப் பின்னரும் 1990இலும் ஆயிரக்கணக்கானோர் இரவில் வள்ளங்களில் இராமேஸ்வரம் நோக்கிப் புறப்பட்டார்கள். படகோட்டிகள் இறக்கிவிட்ட மணல் திட்டுகளில் தண்ணீரின்றிக் காத்துக்கிடந்தவர்கள் உண்டு. கரை சேராதவர்களும் உண்டு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவால், எருக்கலம்பிட்டி உட்படத் தீவின் முஸ்லிம் கிராமங்கள் யாவும் சில நாட்களுக்குள் வெறுமையாகின. பெரும்பாலோர் கடல்வழியே கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனார்கள். அதே காலத்தில் வேறு இடங்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்குப் பேசாலையில் நிவாரண நிலையம் திறக்கப்பட்டது. ஒரே தீவிலிருந்து சிலர் வெளியேற, வேறு சிலர் அதற்குள் அடைக்கலம் தேடினார்கள்.

போர் முடிந்த பின்னர் 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடியது.

இன்று அங்கே இருப்பவர்கள்

கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் ஆகியோர் தீவில் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் வேறு மாவட்ட மீனவர்கள் வந்து வாடி அமைத்துத் தங்குவதும் பழைய வழக்கமே.

உங்கள் வளவில் வேறொரு குடும்பம் இருப்பதை நீங்கள் காண நேரலாம். அவர்களும் வேறொரு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களாக இருக்கக்கூடும். இதனால் உங்கள் உரிமை இல்லாமற் போய்விடாது. ஆனால், நீங்கள் இல்லாத காலத்தில் அந்தக் கிணற்றைத் தூர்ந்துபோகாமல் வைத்திருந்தவர்கள் அவர்களாக இருந்தால், அதையும் மனதில் வைத்துப் பேசுங்கள். முதல் நாளிலேயே வேலியைப் பிரிக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கிராம அலுவலரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லைக் கல் காணாமற் போயிருந்தாலும், எந்தப் பனை எல்லையில் நின்றது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் ஊரில் இருப்பார்கள்.

உங்கள் காணி உறுதியை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நிலத்தின் அளவோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும் அதில் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு கிணற்றுக்குப் பல குடும்பங்கள் பங்காளிகளாக இருப்பது நமது ஊர்களில் புதிதல்ல. அப்படியானால் யார் எப்போது இறைப்பது, யார் துப்புரவாக்குவது என்பதைக் கோடை வருவதற்கு முன்னரே பேசித் தீருங்கள். பேசியும் தீராவிட்டால் பிரதேச செயலகத்தையோ மத்தியஸ்த சபையையோ நாடலாம். வழக்குக்குப் பணவசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

நீங்கள் விட்டுவந்த தீவு அப்படியே இருக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு அது புதிய இடம். அங்கே இருப்பவர்களுக்கு நீங்கள் புதியவர்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அயலில் நல்ல தண்ணீர்க் கிணறு எது என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு குடம் தண்ணீர் கேட்டு எடுங்கள். அந்த வீட்டாரோடு அறிமுகமாவதற்கு அதுவே போதும்.