இரண்டு வலையட்டைகளும் வீட்டு இணைய இணைப்பும்

கணிப்பொறியை இணையத்துடன் தொடர்புபடுத்தும் உறுப்புக்கு வலையட்டை என்று பெயர். ஒரே கணிப்பொறியில் இத்தகைய அட்டைகள் இரண்டைப் பொருத்துவது இன்று கடினமான காரியமன்று. ஆதலால், அட்டைகள் இரண்டானால் இணைய வேகமும் இரட்டிப்பாகுமன்றோ என்னும் வினா பலர் உள்ளத்தில் எழுகின்றது. வகுப்பில் மாணவர் இதனைக் கேட்கக்கூடும். வீட்டிலிருந்து அறிக்கைகளை அனுப்பும் வெளிக்கள ஊழியர் தாமே இதனை எண்ணவும் கூடும். பணத்தைச் செலவிடுமுன் விடையை அறிந்துகொள்ளுதல் நலம்.

தடை எங்கே?

வீட்டு இணைப்பில் செய்தியானது வலையட்டையிலிருந்து மோடத்துக்கும், அங்கிருந்து வெளிக் கம்பி அல்லது கண்ணாடி இழை வழியாக இணைய நிறுவனத்தின் நிலையத்துக்கும் செல்கின்றது. இன்றைய சாதாரண வலையட்டை விநாடிக்கு 1,000 மெகாபிட் செலுத்த வல்லது. நாம் சந்தா செலுத்திப் பெறும் இணைப்போ பெரும்பாலும் அதனினும் மிகக் குறைந்த வேகமுடையது. அது 40 மெகாபிட் எனக் கொள்வோம். 600 மெகாபைட் அளவுள்ள பாடப்படம் ஒன்றைப் பெற 4,800 மெகாபிட் வந்து சேரவேண்டும். இதற்கு 120 விநாடி ஆகும். இரண்டாம் அட்டையை அதே மோடத்துடன் இணைத்தாலும் அதே 120 விநாடிதான். ஊற்றுச் சிறுத்த கிணற்றில் இரண்டு கமலைகளைக் கட்டுவதால் நீர் பெருகுவதில்லை.

இணைப்புகளும் இரண்டானால்

வேறொரு நிறுவனத்தின் இணைப்பையும் பெற்று, ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் இணைப்பை அளித்தால் நிலைமை மாறும். யு.எஸ்.பி. கம்பியால் பொருத்தி, இணையத்தைப் பகிருமாறு அமைத்த கைபேசியும் கணிப்பொறிக்கு ஒரு வலையட்டையாகவே தோன்றும். இவ்விரண்டாம் வழி 20 மெகாபிட் என்க. முதல் வழியில் 600 மெகாபைட் படமும், இரண்டாம் வழியில் 300 மெகாபைட் படமும் ஏககாலத்தில் வருமாயின் இரண்டும் 120 விநாடியில் முடியும். முதல் வழியை மட்டும் நம்பினால் 180 விநாடி ஆகும்.

எனினும், ஒரே படத்தை இரு கூறாக்கி இரு வழியிலும் தருவிப்பது எளிதன்று. தொலைவிலுள்ள கணிப்பொறி, ஓர் உரையாடலை இரு முனைகளின் முகவரிகளைக் கொண்டே அடையாளம் காண்கின்றது. நம் இரு இணைப்புகளுக்கும் முகவரிகள் வெவ்வேறு. புதிய முகவரியிலிருந்து வரும் செய்திப்பொதியைப் பழைய உரையாடலின் பகுதியென அது ஏற்பதில்லை.

ஆகவே, இணைத்தலுக்கு எதிர்முனையின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. ஐ.எஸ்.டி.என். தொலைபேசிக் கம்பியில் 64 கிலோபிட் தடங்கள் இரண்டைச் சேர்த்து 128 கிலோபிட் பெற முடிந்தமைக்குக் காரணம், நிறுவனத்தின் சாதனமும் அவற்றைச் சேர்க்க அறிந்திருந்ததே. கணிப்பொறிக்கும் சுவிட்சுக்கும் இடையே பல கம்பிகளைச் சேர்ப்பதற்கான 802.3ஏ.டி. விதிமுறை 2000-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதிலும் ஓர் உரையாடல் ஒரு கம்பியிலேயே செல்லும். பொதிகள் வரிசை மாறி வந்தால், இடையில் சில தொலைந்தனவென்று கருதி அவை மீண்டும் அனுப்பப்படும், வேகம் குன்றும். ஓர் உரையாடலைப் பல வழிகளில் நடத்தும் மல்ட்டிபாத் டி.சி.பி. முறை 2013-இல் சோதனை முறையாகவும், 2020-இல் திருத்திய வடிவிலும் வெளியிடப்பட்டது. அதனையும் இரு முனைகளும் அறிந்திருத்தல் வேண்டும்.

மெய்யான பயன்

இரண்டு அட்டைகளின் பெரும்பயன் வேகத்தினும் தடையின்மையே. கணிப்பொறி ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண்ணைக் குறித்து வைக்கின்றது. சிறிய எண்ணுடைய வழியே முதலில் தெரிந்தெடுக்கப்படும். அவ்வழி அறுந்தால் மற்றது பொறுப்பேற்கும். தேர்வு நாளிலும், அறிக்கைக்குரிய இறுதி நாளிலும் இதன் அருமை விளங்கும்.

இதில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, வெளிக் கம்பி அறுந்தாலும் மோடத்துக்கும் அட்டைக்கும் இடையேயுள்ள தொடர்பு நீடிப்பதால், அட்டையின் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். கணிப்பொறியும் வழி நலமாயிருப்பதாகவே கருதும். எனவே, தொலைவிலுள்ள முகவரி ஒன்றை அவ்வப்போது அழைத்துச் சோதிக்கும் ஏற்பாடு தேவை. இரண்டாவது, வழி மாறுகையில் முகவரியும் மாறுவதால், நடந்துகொண்டிருக்கும் காணொளி வகுப்பு அறுபட்டு மறுபடி நுழைய நேரலாம். மூன்றாவது, இரு கம்பிகளும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே மரக்கிளை இரண்டையும் வீழ்த்திவிடும். கம்பி ஒன்றும் கைபேசி ஒன்றுமாக வைத்துக்கொள்வதே உசிதம். மின்சாரம் நின்று மோடம் ஓய்ந்தாலும், கைபேசி தன் மின்கலத்தால் இயங்கும்.

ஏற்பாட்டை முடித்தபின் ஓய்வான நாளொன்றில், மோடத்தை அணைக்காமல், அதில் வந்து சேரும் வெளிக் கம்பியை மட்டும் கழற்றிப் பார்க்கவேண்டும். சிறிது நேரத்தில் மற்ற வழியில் இணையம் கிடைக்குமாயின் ஏற்பாடு சரியானது. கிடைக்காவிடில், அவசர நாளன்றும் அது கைகொடாது.