கேம் திணறுகிறதா? அழிப்பதற்கு முன் பிரதி எடுங்கள்

தமிழாசிரியர் எதற்குக் கணினி விளையாட்டைப் பற்றி எழுதுகிறார் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

என் மாணவர் ஒருவர் சுங்கை சிப்புட் பக்கத்தவர். அவருடைய பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயன் வீடுகள் ஒன்றுகூட இல்லை. பாட்டி சொல்லச் சொல்ல, மாணவர் மைன்கிராப்ட் விளையாட்டில் அந்தத் தோட்டத்தைக் கட்டினார். பெரட்டுக்கு நிற்கும் திடல், பால் கொட்டகை, மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. வகுப்பில் அதைத் திரையில் காட்டிப் பேசியபோது எல்லாரும் வாயடைத்துப் போனோம்.

சில வாரங்களில் விளையாட்டு திணற ஆரம்பித்தது. வீட்டில் கணினியைக் கடைக்குக் கொண்டு போனார்கள். "ஃபார்மேட் பண்ணிட்டாங்க டீச்சர், தோட்டமே போச்சு" என்று வந்து நின்றார். கடைக்காரர் மீதும் முழுப் பழி போட முடியாது. அவர் படங்களையும் ஆவணங்களையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃபார்மேட் செய்திருக்கிறார். ஆனால், விளையாட்டின் உலகம் அந்தக் கோப்புறைகளில் இருப்பதில்லை. அது வேறோர் இடத்தில், மறைந்திருக்கும் கோப்புறைக்குள் இருக்கிறது.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

நாம் பேச்சில் "ரீஇன்ஸ்டால் பண்ணு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உண்மையில் மூன்று வேறு செயல்கள் உள்ளன.

1. நிறுவல் நீக்கம்: ஒரு மென்பொருளை மட்டும் கணினியிலிருந்து எடுப்பது.
2. மறுநிறுவல்: எடுத்த மென்பொருளை மீண்டும் போடுவது.
3. ஃபார்மேட்: வட்டில் உள்ள எல்லாவற்றையும் துடைப்பது. கடையில் இதைச் செய்தால் பெரும்பாலும் விண்டோஸையும் புதிதாகப் போடுவார்கள்.

விளையாட்டு சரியில்லை என்றால் முதல் இரண்டு போதும். மூன்றாவது கடைசி வழி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்ததால், பலர் இப்போது கணினியை மாற்றுகிறார்கள் அல்லது விண்டோஸ் 11 போடுகிறார்கள். அதனால் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது இப்போது மிகத் தேவை.

முதல் வேலை பிரதி எடுப்பது

மைன்கிராப்ட் ஜாவா பதிப்பில் இது எளிது. உங்கள் உலகத்தைத் தேர்ந்தெடுத்து 'எடிட்' பொத்தானை அழுத்துங்கள். அதற்குள் 'மேக் பேக்கப்' என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் முழு உலகமும் ஒரே கோப்பாகச் சுருங்கும். பக்கத்திலேயே அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையைத் திறக்கும் பொத்தானும் உண்டு. கோப்பை விரலியில் நகலெடுங்கள். இணைய சேமிப்பகத்திலும் ஒன்று வையுங்கள். அதே கணினியில் மட்டும் வைத்தால் அது பிரதி ஆகாது, ஃபார்மேட் செய்யும்போது அதுவும் போய்விடும்.

விளையாட்டே திறக்கவில்லையா? விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'ஆப்டேட்டா' என்று ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறியிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். திறக்கும் இடத்தில் மைன்கிராப்ட் கோப்புறை இருக்கும். அதனுள் 'சேவ்ஸ்' என்ற கோப்புறையில்தான் உங்கள் உலகங்கள் உள்ளன. அதை அப்படியே நகலெடுங்கள்.

பெட்ராக் பதிப்பு வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதை நீக்கும்போது உலகங்களும் சேர்ந்து போய்விடக்கூடும். ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு என்றால், நீக்குவதற்கு முன் அதன் பண்புகள் பகுதியில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கெட்டுப்போன கோப்புகளை மட்டும் அது மீண்டும் இறக்கித் தரும். பல நேரங்களில் அதிலேயே வேலை முடிந்துவிடும்.

மீண்டும் நிறுவும்போது அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள். நீங்கள் வாங்கிய உரிமம் உங்கள் கணக்கில் இருக்கிறது. மறுபடி பணம் கட்டத் தேவையில்லை. கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று நீக்குவதற்கு முன்பே பார்த்துக்குங்க.

எப்போது திணறுகிறது?

மருத்துவர் "வலி எப்போ வருது?" என்று கேட்பதுபோல் கணினியிடமும் கேட்க வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு 60 படங்கள் ஓடினால் அசைவு சீராகத் தெரியும். அப்படியானால் ஒரு படத்தை வரையக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 மில்லிநொடி. எங்கோ தாமதம் ஏற்பட்டு ஒரு படத்துக்கு 100 மில்லிநொடி பிடித்தால், நம் கண் அதைத் திணறலாகக் காண்கிறது. தாமதம் எங்கே என்பதுதான் கேள்வி.

தொடக்கத்திலிருந்தே மெதுவாக இருந்தால், வரைகலை வேலை அதிகம் என்று பொருள். மைன்கிராப்டில் 'ரெண்டர் டிஸ்டன்ஸ்' அளவை 8-க்குக் குறைத்துப் பாருங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: திரையின் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது? தனி வரைகலை அட்டை உள்ள மேசைக்கணினியில் கேபிளைத் தாய்ப்பலகையில் செருகிவிட்டால், காசு கொடுத்து வாங்கிய அட்டை சும்மா இருக்கும்.

நன்றாக ஓடி, இருபது நிமிடம் கழித்துத் திணறினால், வெப்பத்தைச் சந்தேகியுங்கள். சூடு ஏறினால் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, பக்க மூடியைக் கழற்றி, விசிறியைச் சுழலவிடாமல் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். கணினியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

இடையிடையே நின்று நின்று ஓடினால், நினைவகமோ வட்டோ காரணமாக இருக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் வட்டு 100 விழுக்காட்டில் நிற்கிறதா, உலாவி நினைவகத்தை விழுங்குகிறதா என்று தெரியும். பழைய சுழல் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் நல்ல மாற்றம் தெரியும். நினைவகம் 8 ஜிபி இருந்தால் விளையாட்டுக்கே 6 ஜிபி ஒதுக்காதீர்கள், விண்டோஸுக்கும் இடம் வேண்டும்.

உங்கள் பாத்திரம் சீராக நடக்க, மற்றவர்கள் மட்டும் துள்ளித் துள்ளி வந்தால், அது இணையத்தின் குறை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் ஆடும் தோட்டப்புற மாணவர்களுக்கு இது பழகிய தொல்லை. எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் இது தீராது.

நம் பேராக்கில் மாலை இடிமழைக்குக் குறைவில்லை. விளையாட்டு சேமித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு கெட்டுவிடலாம். இடி கேட்டதும் சேமித்து, கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மோடத்தின் பிளக்கையும் மறக்காதீர்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பை ஒரு விளக்கக் கட்டுரையாக எழுதிப் பாருங்கள். படிகளை வரிசைப்படுத்த 'முதலில்', 'அதன் பின்னர்', 'இறுதியாக' போன்ற சொற்களைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லுங்கள். "தூசியைத் துடைக்க வேண்டும்" என்று நிறுத்தினால் அது கட்டளை. ஏன் என்று சொன்னால்தான் விளக்கம். கலைச்சொற்களையும் கவனியுங்கள். மென்மை + பொருள் = மென்பொருள், பண்புத்தொகை. கோப்பு + உறை = கோப்புறை; இங்கே குற்றியலுகரம் கெட்டு உயிர் வந்து சேர்கிறது.

என் மாணவரின் தோட்டம் என்ன ஆயிற்று? வகுப்பில் காட்டுவதற்காக அவர் கொண்டுவந்த பிரதி என் விரலியில் இருந்தது. லயனும் பால் கொட்டகையும் கோயிலும் பள்ளிக்கூடமும் திரும்பக் கிடைத்தன. அதற்குப் பிறகு கட்டிய ஆற்றங்கரை மட்டும் இல்லை. இப்போது மறுபடியும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் கட்டுகிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பிரதி எடுத்துவிடுகிறாராம்.

நீங்களும் இன்றைக்கே ஒன்று எடுத்து வையுங்கள். அப்படியே, அதே கணினியில் இருக்கும் உங்கள் கட்டுரைகளையும் பாடக் குறிப்புகளையும் சேர்த்து.