புண் ஆறிற்று, நோய் ஆறிற்றா?

தோலின்மீது கொப்புளங்கள் எழும்பி, உடைந்து, புண்ணாகி, வாயினுள்ளும் பரவி, ஒரு மிடறு கஞ்சியையும் விழுங்கவொட்டாமல் வாட்டும் நோய் ஒன்றுண்டு. பெம்பிகஸ் என்பது அதன் பெயர். அது தொற்றுநோயன்று, யாருடைய சாபமுமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே, தோலின் உயிரணுக்களைப் பிணைத்து நிற்கும் டெஸ்மோக்ளீன் என்னும் புரதத்தைப் பகையென எண்ணித் தாக்குவதால் விளைவது. சாந்து இற்றுப்போன செங்கற்சுவர்போல் அணுக்கள் பிரிகின்றன; இடையில் நீர் கோத்துக்கொள்கிறது.

1950-களில் ஸ்டீராய்டு மருந்துகள் வருமுன், இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் மாண்டனர். இன்று நிலைமை வேறு. 1980-களில் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பஸ்ரிச்சா வகுத்த துடிப்பு முறைச் சிகிச்சை, நம் நாட்டில் பலருக்கு வாழ்வளித்தது. 2018-இல் அமெரிக்க அரசு ரிட்டுக்ஸிமாப் என்னும் ஊசிமருந்தை இந்நோய்க்கு அங்கீகரித்தது.

ஆயின், புதியதோர் இடர் எழுகிறது. புண் ஆறியதும் நோயும் ஒழிந்ததென்று மகிழ்ந்து, மருத்துவரைக் கேளாமலே மாத்திரையை நிறுத்துவோர் உளர். தோல் தெளிந்திருக்கும், இரத்தத்தில் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கும். சில மாதங்களில் நோய் மீளக்கூடும். நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவேதான் மருத்துவ அறிஞர்கள் 2008-இல் ஒரு வரையறை தந்தனர். மருந்துகள் யாவும் நிறுத்தப்பட்டு, இரண்டு மாதங்களேனும் பழைய புண்ணோ புதிய கொப்புளமோ இல்லாதிருப்பதே முழுத்தணிவு. இது கண்ணால் காணும் சான்று. காணாததை உரைப்பவை ஆய்வுக்கூடச் சோதனைகள்.

முதலாவது, எலைசா இரத்தச் சோதனை. டெஸ்மோக்ளீன் 1, 3 ஆகிய இரண்டுக்கும் எதிரான பொருள்கள் எவ்வளவு உள்ளன என்பதை எண்ணாலே அது காட்டும். முதல் வகையின் அளவு பெரும்பாலும் தோற்புண்ணோடு ஏறி இறங்கும். மூன்றாம் வகையோ, வாய்ப்புண் ஆறிய பின்னும் சிலரிடம் உயர்ந்தே நிற்கும். ஆகவே ஒரே ஓர் எண்ணைக் கண்டு கலங்குதல் வேண்டா. தொடர்ந்து எடுத்த எண்கள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்பதே நோக்கத்தக்கது.

இரண்டாவது, ஒளிர்வுச் சோதனை. சிறு துண்டுத் தோலை எடுத்து, ஒளிரும் சாயம் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பர். எதிர்ப்பொருள் படிந்திருப்பின், அணுக்களைச் சுற்றிப் பச்சை ஒளி மீன்வலைபோல் தோன்றும். வலை மறைந்திருப்பின் நோய் மீளும் வாய்ப்பு குறைவு. புண் ஆறியும் வலை மறையாதிருப்பின் எச்சரிக்கை தேவை. தோலை வெட்டாமல், தலையிலிருந்து பிடுங்கிய சில மயிர்களின் வேருறையிலும் இச்சோதனையைச் செய்யலாம். அவ்வுறையின் அணுக்களையும் அதே புரதங்களே பிணைக்கின்றன.

இச்சோதனைகள் சாட்சிகளேயன்றி நீதிபதிகளல்ல. தீர்ப்பு, நோயாளியின் உடலையும் சோதனைத் தாளையும் ஒருங்கே நோக்கும் மருத்துவருடையது. இல்லத்தாரின் கடமை வேறு: பழைய சோதனைத் தாள்களைத் தேதிவாரியாகப் பேணுங்கள், குறித்த நாளில் நோயாளியை அழைத்துச் செல்லுங்கள், மாத்திரையைக் குறைக்க மருத்துவர் சொல்லுமட்டும் பொறுத்திருங்கள். அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். மருந்து ஆற்றாத புண் அதுவே.